முதுகுல வாங்குற காத்து

மே மாசம் எங்க ஹாஸ்டல்ல ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஆளாளுக்குப் போனை எடுத்து அவங்கவங்க ஊர் வெயிலைச் சொல்லுவாங்க. வேலூர்க்காரன் 42ன்னு ஆரம்பிப்பான். திருச்சிக்காரன் 41. கரூர்க்காரன் விட்டுக் கொடுக்காம அவனும் ஒரு 41. என் முறை வரும்போது 34ன்னு காட்டும். உடனே எல்லாரும் ஒரே குரல்ல, "நீ கொடுத்து வெச்சவன்டா, பீச் காத்து வேற!"

எங்க ஊர் கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். பெரியப்பாவுக்குச் சொந்தமா ஒரு ஃபைபர் படகு இருக்கு. போன வருஷம் வரைக்கும் நானும் அந்த 34ஐ நம்பிட்டுத்தான் இருந்தேன். போன மே மாசம் லீவுக்குப் போனப்ப ஒரு நாள் தொழிலுக்கு அவங்களோட போனேன். அன்னிக்கு என் அண்ணன், பெரியப்பா மகன், 24 வயசு, வலையை ஒத்தை ஆளா இழுக்குற ஆள், நடுக்கடல்ல நினைவு தடுமாறி உக்காந்துட்டான். அன்னிக்கும் போன்ல 34தான் காட்டுச்சு.

அதுக்கப்புறம் செமஸ்டர் முழுக்க ஹீட் டிரான்ஸ்ஃபர் கிளாஸ்ல உக்காரும்போதெல்லாம் அந்தப் படகுதான் கண்ணுல நின்னுச்சு. இந்தக் கட்டுரை அங்கிருந்து வந்தது. உங்க வீட்டுல யாராவது கடலுக்குப் போறவங்களா இருந்தா, இல்ல லீவுல நண்பன் ஊருக்குப் போய் "ஒரு நாள் படகுல கூட்டிட்டுப் போடா"ன்னு கேக்குற ஆளா நீங்க இருந்தா, கொஞ்சம் பொறுமையா படிங்க. நடுவுல கணக்கு வரும். பயப்படாதீங்க, டேட்டா புக் தேவைப்படாது.

முதல்ல ஒரு விஷயம். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளைக் கரையில நிறுத்திடுவாங்க. தமிழ்நாட்டுல 2001ல 45 நாளா ஆரம்பிச்சது, 2017ல 61 ஆச்சு. ஆனா இந்தத் தடை கட்டுமரத்துக்கும், வல்லத்துக்கும், சின்ன ஃபைபர் படகுக்கும் கிடையாது. கேபினும் கூரையும் இருக்குற பெரிய படகெல்லாம் அக்னி நட்சத்திரத்துல கரையில கிடக்கும். தலைக்கு மேல ஒரு முழத் துணிகூட இல்லாத படகு கடலுக்குப் போகும். பெரிய படகு மீன் வராததால கரையில ஏலம் நல்லா போகும். நல்லா போறதால இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு வலைன்னு தோணும். வருஷத்துலயே மோசமான வெயில்லதான் சின்னப் படகுக்காரங்களுக்கு நல்ல காசு. இந்த முரண்பாட்டை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

34 எப்படி 42ஐ ஜெயிக்கும்?

உங்க உடம்போட உள்வெப்பம் 37 டிகிரி. வெயில்ல வேலை செய்யும்போது தோல் ஏறக்குறைய 35ல இருக்கும். சுத்தியிருக்குற காத்தும் 34, 35ன்னா, காத்துக்கு வெப்பத்தைத் தள்ளிவிடுற வழி கிட்டத்தட்ட அடைபட்டுப் போச்சு. வெப்பநிலை வித்தியாசம் இல்லாம வெப்பம் ஓடாதுன்னு முதல் யூனிட்லயே படிச்சிருக்கோம். மிச்சம் இருக்குறது ஒரே வழி, வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோல்மேல முழுசா ஆவியானா சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துட்டுப் போகும். அபாரமான ஏர்கண்டிஷனர்.

ஆனா 'ஆவியானா'. வழிஞ்சு படகுத் தளத்துல சொட்டின வியர்வை ஒரு ஜூலைக்கூட எடுத்துட்டுப் போகாது. தண்ணியும் உப்பும் நஷ்டம், அவ்வளவுதான். கடற்கரைக்காரன் நனைஞ்ச கோழி மாதிரி நிக்குறதைப் பாத்து "நல்லா வேர்க்குது, உடம்பு குளிரும்"னு நினைக்காதீங்க. உடம்பு முயற்சி பண்ணித் தோத்துட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஆவியாகுற வேகத்தை முடிவு பண்றது தோல்மேல இருக்குற நீராவி அழுத்தத்துக்கும் காத்துல இருக்குற நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். 35 டிகிரி ஈரத் தோல்ல அது சுமார் 5.6 கிலோபாஸ்கல். வேலூர்ல 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்னு வைங்க. காத்துல இருக்குறது 1.6 தான். வித்தியாசம் 4. எங்க ஊர்ல 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். காத்துலயே 3.7 இருக்கு. வித்தியாசம் 1.9. அதாவது எங்க ஊர் வியர்வைக்கு வேலூர் வியர்வையோட பாதி தெம்புகூட கிடையாது.

இதையே ஈரக்குமிழ் வெப்பநிலைன்னு ஒரே எண்ணாவும் சொல்லலாம். தெர்மாமீட்டர் குமிழ்ல ஈரத்துணி சுத்திக் காத்துல காட்டினா வர்ற அளவு. அந்த வேலூர் மதியத்துக்கு அது சுமார் 24. எங்க 34க்கு சுமார் 29. இது 35ஐத் தொட்டா, நிழல்ல சும்மா உக்காந்திருக்குற மனுஷன்கூட சில மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டான்னு கோட்பாட்டுக் கணக்கு சொல்லுது. 2022ல அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல இளைஞர்களை வெச்சே சோதிச்சுப் பாத்தாங்க. ஈரமான சூழல்ல, லேசான வேலை செய்யும்போது, 31 வாக்குலயே உடம்பு வெப்பம் கட்டுப்பாடு இல்லாம ஏற ஆரம்பிச்சிடுச்சு. நல்ல ஆரோக்கியமான பசங்களுக்கே இந்த நிலைமை. 29ங்குறது அதுக்கு எவ்வளவு பக்கம்னு பாருங்க. அவங்க வலை இழுக்கல, வெயில்லயும் நிக்கல.

இன்னொரு வேடிக்கை. இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்குப்படி கடலோர ஊர்ல வெப்ப அலைன்னு அறிவிக்கணும்னா அதிகபட்ச வெப்பநிலை குறைஞ்சது 37ஐத் தொடணும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடவும் இருக்கணும். எங்க அண்ணன் விழுந்த அன்னிக்கு எந்த எச்சரிக்கையும் இல்ல. இருக்கவும் வாய்ப்பில்ல.

வேலைக்காக வெயிலை அளக்குறவங்க வேற எண் வெச்சிருக்காங்க. 1950கள்ல அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சி எடுத்த பாரிஸ் தீவு, தென் கரோலினாவுல இருக்குற ஒரு சதுப்பு நிலக் கடற்கரை. அங்க பசங்க வரிசையா வெயில்ல விழுந்ததைப் பாத்துட்டு ஒரு சூத்திரம் உருவாக்கினாங்க. ஈரக்குமிழ் அளவுக்கு 0.7 பங்கு, வெயில்ல வெச்ச கறுப்பு உருண்டைக்குள்ள இருக்குற அளவுக்கு 0.2, நாம போன்ல பாக்குற சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 0.1. ஹாஸ்டல்ல நாங்க போட்டி போட்டது அந்தப் பத்துல ஒரு பங்குக்காக!

படகுல ஒரு கணக்கு

இப்ப படகுக்குள்ள வாங்க. வலை இழுக்குற ஆள் உடம்புக்குள்ள சுமார் 400 வாட் எரியும். அதுல வேலையா போறது கொஞ்சம்தான், 330 வாட் வெப்பமாவே தங்கும். உச்சி வெயில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1,000 வாட். நிமிந்து நின்னா தலையிலயும் தோள்லயும்தான் படும். வலை இழுக்கக் குனிஞ்சா முதுகு முழுக்க சூரியனுக்குக் காட்டுற தட்டு. அதுல ஒரு 200 வாட் உள்ள வரும். மொத்தம் 530 வாட். இவ்வளவும் வியர்வை வழியாத்தான் வெளிய போகணும்.

போக முடியுமா? அதைக் காத்துதான் முடிவு பண்ணும். அதே 34 டிகிரி, 70 சதவீதத்துக்கு, சட்டையில்லாம முழுசா நனைஞ்ச உடம்புன்னு வெச்சுக்கிட்டுப் புத்தகச் சமன்பாட்டுல போட்டுப் பாத்தேன். காத்து அசையாம இருந்தா ஆவியாதல் மூலமா போறது சுமார் 170 வாட். வினாடிக்கு 1 மீட்டர் காத்து வீசினா 440. வினாடிக்கு 4 மீட்டர்னா 1,000 வாட். தோராயக் கணக்குதான், ஆனா சொல்ற சேதி தெளிவு. ஒரே வெப்பநிலை, ஒரே ஈரப்பதம், ஒரே மனுஷன். காத்து இருந்தா பிழைப்பான், காத்து செத்தா மாட்டிக்குவான்.

காத்து செத்த நிலையில 360 வாட் மிச்சமாகி உடம்புலயே தங்குது. 60 கிலோ ஆளோட உள்வெப்பம் ஒரு டிகிரி ஏற சுமார் 210 கிலோஜூல் போதும். வகுத்துப் பாத்தா பத்து நிமிஷம்! நிஜத்துல அவ்வளவு வேகமா ஏறாது. தோல் சூடாக ஆக ஆவியாதலும் கூடும், மனுஷனும் தானா வேகத்தைக் குறைச்சுக்குவான். மூணுல ஒரு பங்கு வேகம்னு வெச்சாலும் அரை மணி நேரத்துக்கு ஒரு டிகிரி. 37ல இருந்து 40க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்களே போட்டுக்கோங்க.

சரி, கடல்ல காத்து எப்பச் சாகும்? இது எங்க பெரியப்பாவோட பாடம். ராத்திரி நிலம் சீக்கிரம் குளிரும், கடல் குளிராது. அதனால விடியுறதுக்கு முன்னாடி கரையில இருந்து கடலுக்குக் காத்து வீசும், கரைக்காத்து. பாய் கட்டிப் போன காலத்துல கட்டுமரமெல்லாம் அதைப் பிடிச்சுத்தான் வெளிய போச்சு. மதியம் நிலம் கொதிச்சதும் தலைகீழா மாறி கடல்காத்து வரும், அதைப் பிடிச்சுத் திரும்பி வந்தாங்க. இது ரெண்டுக்கும் நடுவுல, காலை ஒன்பது பத்து மணியில இருந்து கடல்காத்து எறங்குற வரைக்கும், ஒரு இடைவெளி உண்டு. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். மே மாசம் மேற்கத்திக் காத்து, எங்க பக்கம் கச்சான்னு சொல்லுவாங்க, பலமா இருக்குற நாள்ல கடல்காத்து எறங்கவே ஒரு மணி ரெண்டு மணி ஆகிடும். படம் எடுக்கப் போறவங்களுக்கு அந்தக் கண்ணாடிக் கடல் ரொம்பப் பிடிக்கும். கணக்குல அதுதான் 170 வாட் நேரம்.

அன்னிக்கு நடந்ததும் அதுதான். மூணு மணிக்கு இருட்டுல கிளம்பினோம். வலையில கவலை மீன் நல்லா பட்டிருந்துச்சு. கண்ணிக்குக் கண்ணி மாட்டியிருந்ததை ஒவ்வொண்ணா பிச்சு எடுக்க பதினொன்றரை ஆயிடுச்சு. கடைசி ரெண்டு மணி நேரம் ஒரு சொட்டுக் காத்து இல்ல. அண்ணன் சும்மாவே அதிகம் பேச மாட்டான், அன்னிக்கு மூணு தடவை என்மேல எரிஞ்சு விழுந்தான். தலை வலிக்குதுன்னான். நான் தூக்கமில்லாத கோபம்னு நினைச்சேன்.

பன்னெண்டு வாக்குல கடல்காத்து எறங்குச்சு. "அப்பாடா"ன்னு இருந்துச்சு எனக்கு. எஞ்சினைப் போட்டுக் கரையைப் பாத்துத் திருப்பினோம். திருப்பின உடனே அந்தக் காத்து காணாமப் போச்சு. எஞ்சின் புகை பின்னாடி போகாம எங்க கூடவே வந்துச்சு. இதுதான் இந்தக் கட்டுரையில நீங்க மறக்காம எடுத்துட்டுப் போக வேண்டிய இடம். கடல்காத்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல கரையைப் பாத்து வீசுது. படகும் மணிக்கு 15ல அதே திசையில போகுது. சார்பு வேகம் பூஜ்யம். கரைக்கொடி படபடன்னு அடிக்குற நேரத்துல படகுக்குள்ள மனுஷன் அசையாத காத்துல வெந்துட்டு இருக்கான்.

பத்து நிமிஷத்துல அண்ணன் வலைமேல சாஞ்சான். "தண்ணி வேணுமா"ன்னு கேட்டா, "சைக்கிளைப் பூட்டிட்டியா"ன்னு பதில் சொன்னான். வாந்தி எடுத்தான். பெரியப்பா ஒரு வார்த்தை பேசல. படகைத் திருப்பி அணியத்தைக் காத்துக்கு நேரா, கரைக்கு எதிர்ப்பக்கமா விட்டாரு. எனக்கு உயிரே போச்சு. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்க, இவரு எங்க போறாரு?

"காத்த முதுகுல வாங்கிட்டுப் போனா அது கூடவே வரும்டா, மேல படாது. மொதல்ல இவன் சூடு எறங்கட்டும்"னாரு.

எஞ்சினைப் பாதி வேகத்துல வெச்சாலும் எதிர்க்காத்தும் படகு வேகமும் சேந்து மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல மூஞ்சியில அடிச்சுச்சு. நான் வாளியால கடல் தண்ணியை அள்ளி அள்ளி அவன்மேல ஊத்தினேன். ஐஸ் பெட்டியில இருந்து ஐஸை உடைச்சுத் துண்டுல கட்டிக் கழுத்துலயும் அக்குள்லயும் வெச்சோம். இருபது நிமிஷத்துல "போதும்டா குளிருது"ன்னு சொன்னான். அதுக்கப்புறமும் பெரியப்பா நேரா கரைக்குப் போகல. காத்தைப் பக்கவாட்டுல வாங்குற மாதிரி கோணல்மாணலா ஓட்டித்தான் கொண்டு வந்தாரு. டீசல் கொஞ்சம் கூடச் செலவாச்சு. ஏலத்துக்கும் லேட்டு.

ஆறு மாசம் கழிச்சு டேட்டா புக்கைத் தொறந்து வெச்சுக்கிட்டு நான் கண்டுபிடிச்சதை, அவரு பத்து செகண்டுல செஞ்சிருக்காரு.

என்ன செய்யலாம்

காத்துதான் மருந்துன்னு புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும். வலை எடுக்குற நேரம் அந்த இடைவெளியில மாட்டாத மாதிரி கிளம்புற நேரத்தை முன்னாடி தள்ளுங்க. பாடு நல்லா இருந்தா மீனைக் கடல்லயே பிச்சு முடிக்கணும்னு இல்ல. வலையோட அள்ளிப் போட்டு மேல ஐஸைத் தூவி, கரையில பந்தலுக்குக் கீழ உக்காந்து பிச்சுக்கலாம். கொஞ்சம் மீன் நசுங்கும், விலை குறையும். அது நிஜமான நஷ்டம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். திரும்பும்போது காத்தைப் பக்கவாட்டுல வாங்குங்க. குனிஞ்சு இழுக்குற ஆளை அரை மணிக்கு ஒரு தடவை மாத்துங்க. மூணு பேர் படகுல இது சொல்றதுக்குச் சுலபம், செய்யுறதுக்குக் கஷ்டம். ஆனா எஞ்சின் கையைப் பிடிக்குறவன் உக்காந்துதானே இருக்கான், அவனை மாத்தலாம்.

கடல் தண்ணியை மறந்துடாதீங்க. மே மாசம் வங்காள விரிகுடா மேல்தண்ணி 30 டிகிரி வாக்குல இருக்கும். வெதுவெதுன்னுதான் இருக்கும், ஆனா தோலைவிட 5 டிகிரி கம்மி. பத்து லிட்டர் வாளியை மேல ஊத்தி அது 2 டிகிரி சூடேறி வழிஞ்சா 84 கிலோஜூல் போச்சு. வலை இழுக்குறவனோட ரெண்டரை நிமிஷ வெப்பம் அது. சட்டையில தங்குற தண்ணி, காத்து அடிக்கும்போது வியர்வைக்குப் பதிலா ஆவியாகும். உங்க உடம்புத் தண்ணி மிச்சம். உப்பு அரிக்கும், தொடையிடுக்குல புண்ணாகும்னு பெரியவங்க சொல்றது உண்மைதான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில குளிச்சுடுங்க. குடிக்க மட்டும் கூடவே கூடாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கு. அதை வெளியேத்தக் குடிச்சதைவிட அதிகத் தண்ணியைச் சிறுநீரகம் செலவழிக்கணும்.

உடுப்புல பெரிய ரகசியம் எதுவும் இல்ல. தொளதொளன்னு, முழுக்கை வெச்ச, வெளுத்துப் போன பழைய சட்டை போதும். தலையில நனைச்ச துண்டு. இறுக்கமான ஜெர்சி போட்டுக்கிட்டு வர்ற தம்பிகளே, போட்டோவுக்கு நல்லா இருக்கு, அவ்வளவுதான். தார்ப்பாய் கட்டலாமேன்னு நானும் கேட்டேன். வலை வீசுறப்ப மாட்டும், காத்துல படகையே இழுக்கும்னு பெரியப்பா சிரிச்சாரு. பின்பக்கம் எஞ்சின்காரனுக்கும் தண்ணி கேனுக்கும் மட்டும் ஒரு சின்ன நிழல், கழட்டி மாட்டுற மாதிரி நாலு பைப்புல பண்ண முடியும். ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுறவங்க யாராவது இருக்கீங்களா? லைன் ஃபாலோயர் ரோபோவைவிட இது உபயோகமா இருக்கும்.

குடிக்குறதுக்கு வருவோம். 530 வாட்டை வெளியேத்த மணிக்கு 0.8 லிட்டர் ஆவியாகணும். சொட்டி வீணாகுறதையும் சேத்தா ஒன்றரை லிட்டர்கூடப் போகும். எட்டு மணி நேரத் தொழிலுக்கு ஆளுக்கு 5 லிட்டராவது எடுத்துட்டுப் போங்க. மூணு பேருக்கு ஒரே ஒரு பத்து லிட்டர் கேன் போதாது. தாகம் எடுக்குறதுக்காகக் காத்திருக்காம இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். அதுக்காக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல குடிக்க வேண்டாம். ஒரு லிட்டர் வியர்வையில ரெண்டு, மூணு கிராம் உப்பு போகும். ஆளுக்கு ஆள் மாறும். வெறும் தண்ணியை மட்டும் வயிறு முட்டக் குடிச்சா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு அதுவும் தலைசுத்தல், குழப்பத்துல கொண்டு போய் விடும்.

இதுக்குப் பாக்கெட்ல விக்குற கலர் பானம் வேண்டாம். லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, வீட்டுல கலக்குற உப்பு சர்க்கரைக் கரைசல் இதுதான். குடல்ல சோடியமும் குளுக்கோஸும் ஒரே கதவு வழியா ஜோடியாத்தான் உள்ள போகும், அதுக்குப் பின்னாடியே தண்ணி போகும். அதனாலதான் சர்க்கரை. இதைப் பெரியப்பாகிட்ட விளக்கினப்ப, தூக்குவாளியைத் தொறந்து காட்டினாரு. பழைய சோறு, நீச்சத்தண்ணி, கல்லுப்பு, ஒரு துண்டு சுட்ட கருவாடு. தண்ணி, மாவுச்சத்து, சோடியம். நான் வாயை மூடிட்டேன். ஒண்ணை மட்டும் அவரும் ஒத்துக்குவாரு: முந்தின ராத்திரி சரக்கு அடிச்சவனை மே மாசத்துல படகுல ஏத்தக் கூடாது.

கரையில இருக்குறவங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. மதியம் ஒரு மணி மணல்ல நின்னு ஏலம் எடுத்து, கூடையைச் சுமந்து தெருத்தெருவா விக்குற அம்மாக்கள் வேணும்னே தண்ணி குடிக்க மாட்டாங்க. வழியில ஒதுங்கக் கழிவறை கிடையாது. அவங்ககிட்ட "நிறைய தண்ணி குடிங்கம்மா"ன்னு அறிவுரை சொல்றது அர்த்தமில்லாதது. இது வெப்பக் கணக்கு இல்ல, கட்டடக் கணக்கு. சிவில்காரங்க கவனிக்க.

புதுசா போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெயில் உடம்புக்குப் பழகுறதுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் ஆகும். பழகினா வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதுல உப்பு குறையும், ரத்த ஓட்டமும் தாங்கும். சில வாரம் விட்டா அந்தப் பழக்கம் போயிடும். செமஸ்டர் முழுக்க ஃபேனுக்குக் கீழ இருந்துட்டு முதல் நாளே முழு ஷிப்டு வலை இழுக்காதீங்க. தடை முடிஞ்சு ஜூன் 15ல ரெண்டு மாச இடைவெளிக்கு அப்புறம் கிளம்புற விசைப்படகு ஆட்களுக்கும் முதல் வாரம் இதே ஆபத்துதான். ஜூன் பாதியில வெயில் ஒண்ணும் முடிஞ்சிருக்காது.

ஆள் விழுந்துட்டா

எங்க எல்லாருக்கும் ஒரு தப்பான நம்பிக்கை இருந்துச்சு: வியர்வை நின்னாத்தான் ஆபத்துன்னு. வேலை செஞ்சுட்டே விழுறவனுக்கு வியர்வை கொட்டிக்கிட்டே இருக்கும்போதே வெப்பத்தாக்கு வரும். பாக்க வேண்டியது மூளையை. காரணமில்லாத கோபம், கேட்டதுக்குச் சம்பந்தமில்லாத பதில், தள்ளாட்டம், பேச்சுக் குழறல். சூட்டோட இது சேந்தா உள்வெப்பம் 40ஐத் தாண்டியிருக்கலாம்னு எடுத்துக்கோங்க. அன்னிக்கு அண்ணன் எரிஞ்சு விழுந்தப்பவே நான் புரிஞ்சிருக்கணும்.

மருத்துவர்கள் சொல்ற வரிசையும் பெரியப்பா செஞ்சதும் ஒண்ணுதான். முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் கொண்டு போகணும். சட்டையைக் கழட்டி, விடாம தண்ணி ஊத்தி, காத்துக்கு எதிரா படகை விட்டு, ஐஸ். மீனுக்குக் கொண்டு போன ஐஸ் மனுஷனுக்கும் போதுமான்னு கேட்டா, ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் எடுக்கும். 60 கிலோ ஆளுக்கு 2 டிகிரி எறக்க 420. ஒண்ணேகால் கிலோ உருகினா போதும். பாதிக்கு மேல காத்துல வீணானாலும் மூணு கிலோ. ஐஸ் பெட்டியில அதைவிட நிறையவே இருக்கும். மீன் கெட்டா கெடட்டும். துண்டுல சுத்திக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நினைவு தெளிஞ்சு குளிருதுன்னு சொல்ற வரைக்கும் விடாதீங்க.

அவனைக் கடல்ல மட்டும் எறக்காதீங்க. குழம்பின ஆள் எவ்வளவு பெரிய நீச்சல்காரனா இருந்தாலும் முங்கிடுவான். நினைவில்லாதவன் வாயில தண்ணி ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. போன் சிக்னல் இருந்தா கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கரையில 108ஐ முன்னாடியே வரச் சொல்லிடுங்க. தெளிஞ்சுட்டான்னு விட்டுடாம அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருந்தா அடுத்த நாள்தான் தெரியும். நாங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போனோம். ஒரு நாள் வெச்சிருந்து, டிரிப் ஏத்தி அனுப்பினாங்க. ரெண்டு வாரம் வெயில் வேலை கூடாதுன்னாங்க. ஒன்பதாவது நாள் கடலுக்குப் போயிட்டான். தடைக்காலம், நல்ல விலை.

இந்த வருஷம் படகுல மூணு கேன் இருக்கு. ஆளுக்கொண்ணு, மேல பெயின்ட்ல பேர் எழுதி. திரும்பி வரும்போது அண்ணன்தான் எஞ்சின்ல உக்காருறான். புகை கூடவே வர ஆரம்பிச்சா உடனே கொஞ்சம் ஒடிச்சுத் திருப்புறான். பெரியப்பா மட்டும் இன்னும் உப்பு சர்க்கரைக் கரைசலைத் தொடல. நீச்சத்தண்ணிதான் வேணுமாம். நான் விவாதம் பண்றதில்ல.